போர்மட் அடிக்க முன்னம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கணினி ஓன் ஆகவில்லை என்று கடைக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்தால், மூடியைக் கழற்ற முன்னமே ஒரு கேள்வி வரும்: "போர்மட் அடிச்சுப் புதுசா விண்டோஸ் போட்டுத் தரட்டோ?" வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, புறக்கோட்டை எங்கும் இதே கேள்விதான். அவசரத்தில் இருப்பவர் தலையாட்டிவிடுகிறார். பின்னேரம் கணினி பளிச்சென்று எழும்புகிறது. உள்ளே பத்து வருடக் கணக்கும் இல்லை, பிள்ளைகளின் படங்களும் இல்லை, கோயில் உபயகாரர் பட்டியலும் இல்லை. "டேட்டா எடுக்கேலாதோ?" என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. முதலில் செய்ய வேண்டியது கடைசிக்குப் போய்விடுகிறது.

கணினி எழும்பாமல் போவதும் தரவு அழிவதும் வேறு வேறு சங்கதிகள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான ஒரு கோப்பினால் உலகெங்கும் ஏறக்குறைய 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் 'சேஃப் மோட்'டில் போய் அந்த ஒரு கோப்பை அழித்ததும் அவை எழும்பின. அன்று எல்லோரும் போர்மட் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நம் கடைகளில் நடப்பது அதுதான், சிறிய அளவில்.

"ஓன் ஆகவில்லை" என்ற சொல்லுக்குள் பல நோய்கள் இருக்கின்றன. பட்டனை அமத்தினால் லைட்டும் இல்லை, விசிறிச் சத்தமும் இல்லை என்றால் பிரச்சினை மின் பக்கம்: சுவர் பிளக், அடப்டர், பவர் சப்ளை, கடைசியாக மதர்போட். ஹாட் டிஸ்க்குக்கு இதில் பெரும்பாலும் பங்கில்லை. லப்டொப் என்றால் அடப்டரைக் கழற்றி, கழற்றக்கூடிய பட்டரியானால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 செக்கன் அமத்திப் பிடித்து, பிறகு அடப்டரை மட்டும் செருகிப் பார்க்கலாம். விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு, பீப் சத்தம் கேட்கிறது என்றால் முதலில் ராம் என்ற நினைவகப் பலகையைச் சந்தேகிக்க வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்து, ராமைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பை வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசு தட்டி, 'கிளிக்' என்று பூட்டும்வரை திரும்பச் செருகினால் எழும்பும் கணினிகள் ஏராளம். கடற்கரையோர வீடுகளில் உப்புக்காற்று இந்த விளிம்புகளைச் சும்மா விடுவதில்லை.

கம்பனிச் சின்னம் வந்து, 'பூட் செய்யக்கூடிய சாதனம் இல்லை' என்ற வாசகத்தோடு நின்றால் பயாஸுக்குள் (கணினி எழும்பும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) போய் டிஸ்க்கின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயரும் கொள்ளளவும் சரியாக இருந்தால் நிம்மதி. அங்கே திகதியும் நேரமும் பழைய காலத்துக்குப் போயிருந்தால் குற்றவாளி மதர்போட்டில் இருக்கும் சிஆர் 2032 என்ற 3 வோல்ட் நாணய பட்டரி. அது செத்தால் பயாஸ் தன் அமைப்புகளை மறந்து, டிஸ்க்கை வாசிக்கும் முறையை ரெய்டில் இருந்து ஏஎச்சிஐக்கோ மறுபக்கமோ மாற்றிவிடும். விண்டோஸ் தன் டிஸ்க்கைக் காணாமல் நீலத்திரை காட்டும். பட்டரியை மாற்றி, அந்த ஒரு அமைப்பைப் பழையபடி வைத்தால் போதும். இதற்குப் போய் போர்மட் அடிப்பது தடிமனுக்குத் தலையை வெட்டுவது மாதிரி. டிஸ்க்கின் பெயர் மாறி 'சாட்டாஃபேர்ம் எஸ்11' என்று காட்டினால் கதை வேறு. அது ஒருவகை எஸ்எஸ்டியின் (சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் தரவை வைக்கும் டிஸ்க்) கொன்ட்ரோலர், அதாவது அதை இயக்கும் சிப், செயலிழந்ததன் அடையாளம். அதற்குப் பிறகு எந்த மென்பொருளையும் ஓட்டிப் பயனில்லை, ஆய்வுகூடத்துக்குத்தான் போக வேண்டும்.

கொழும்பில் அடிக்கடி வருவது இடி. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழைக்குப் பிறகு கடைகளுக்கு வரும் கணினிகளில் ஒரு சிறிய விஷயத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். 3.5 அங்குல ஹாட் டிஸ்க்கின் பச்சைப் பலகையில், மின் இணைப்புக்குக் கிட்ட, கறுப்பாக அரிசியை விடச் சற்றுப் பெரிய இரண்டு டயோட்டுகள் இருக்கும். ஒன்று 5 வோல்ட் பாதைக்கு, மற்றது 12 வோல்ட் பாதைக்கு. அளவுக்கு மிஞ்சிய மின்னழுத்தம் வந்தால் அவை தாங்களே ஷோர்ட் ஆகி, பலகையின் மற்ற பாகங்களைக் காப்பாற்றும். ஷோர்ட் ஆன டிஸ்க் பூட்டியிருக்கும்வரை பவர் சப்ளை தன்னைக் காக்க ஓன் ஆகவே மறுக்கும். பார்ப்பவர் கணினியே எரிந்துவிட்டது என்பார். டிஸ்க்கின் மின் வயரைக் கழற்றிவிட்டு ஓன் செய்து பாருங்கள். எழும்பினால் நோய் அந்த டிஸ்க்கில். மல்டிமீற்றரால் டயோட்டின் இரு பக்கமும் அளந்து, பூச்சியத்துக்குக் கிட்டக் காட்டினால், பலகை வேலை தெரிந்தவர் அந்த டயோட்டை மட்டும் கழற்றி டிஸ்க்கை ஓடவைக்கலாம். காவல் இல்லாத டிஸ்க் அது. நல்ல பவர் சப்ளையில் பூட்டி, ஒரே தடவையில் தரவைக் கொப்பி எடுத்துவிட்டு ஒதுக்கிவிட வேண்டும். 12 வோல்ட் வெளி ஹாட் டிஸ்க்குக்கு 19 வோல்ட் லப்டொப் அடப்டரைச் செருகிவிடும் வீடுகளிலும் இதே காயம்தான். வட்டப் பிளக் இரண்டுக்கும் பொருந்துவது ஒரு சாபம்.

டயோட்டோடு நிற்காமல் பலகையே எரிந்திருந்தால், அதே மொடல் டிஸ்க்கின் பலகையைக் கழற்றி மாட்டிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். இப்போதைய டிஸ்க்குகளில் அது அப்படியே பலிக்காது. ஒவ்வொரு டிஸ்க்கின் வாசிப்புத் தலைக்கும் உரிய தனி அளவீடுகள் பலகையில், பெரும்பாலும் எட்டுக் கால் சிப் ஒன்றில், பதிந்திருக்கும். அந்தச் சிப்பையும் பழைய பலகையில் இருந்து எடுத்துப் புதியதில் ஒட்டினால்தான் டிஸ்க் தன் தலையைத் தானே அடையாளம் காணும்.

டிஸ்க் நல்லது, விண்டோஸ்தான் படுத்துவிட்டது என்றால், வேறு எதையும் வாங்காமலே தரவு எடுக்க ஒரு வழி இருக்கிறது. எழும்பும்போது மூன்று தடவை இடையில் நிறுத்தினால் விண்டோஸ் தானாகவே பழுதுபார்க்கும் நீலத்திரைக்குப் போகும். அதில் மேம்பட்ட தெரிவுகளுக்குள் போய் 'கொமாண்ட் ப்ரொம்ப்ட்' என்பதைத் திறந்து, நோட்பாட் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். நோட்பாட்டில் 'ஃபைல்', பிறகு 'ஓப்பன்'. கீழே 'எல்லாக் கோப்புகளும்' என்று மாற்றினால் அந்தச் சிறிய பெட்டியே உங்களுக்கு எக்ஸ்ப்ளோரர். கோப்புறையில் வலது கிளிக், கொப்பி. பென் ட்ரைவில் வலது கிளிக், பேஸ்ட். டிரைவ் எழுத்துகள் இடம் மாறியிருக்கலாம், சி என்று நினைத்தது டி ஆக இருக்கும், பயப்பட வேண்டாம். எவ்வளவு கொப்பி ஆனது என்று காட்டும் பட்டை வராது. பெட்டி உறைந்தது போல நிற்கும். பொறுமை இழந்து பட்டனை அமத்துகிறவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள்.

பெரிய கோப்புறைகளுக்கு அதே இடத்தில் ரோபோகொப்பி கட்டளை நல்லது. ஆனால் அதன் இயல்பு அமைப்பு பொல்லாதது: வாசிக்க முடியாத கோப்பு ஒன்று வந்தால் 30 செக்கனுக்கு ஒரு தடவையாகப் பத்து இலட்சம் தடவை திரும்ப முயலும். மறுமுயற்சி ஒன்று, காத்திருப்பு ஒரு செக்கன் என்று கட்டளையிலேயே எழுதாவிட்டால் அடுத்த சித்திரைப் புத்தாண்டு வரை அங்கேயே நிற்கும்.

இரண்டாவது வழி, விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றிய பென் ட்ரைவ். 8 ஜிபி பென் ட்ரைவ் ஒன்றில் வேறு கணினியில் வைத்து லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவை ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் மூலம் ஏற்றிக்கொள்ள வேண்டும். பழுதான கணினியில் செருகி, டெல், லெனோவோ என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9 அமத்தி அதிலிருந்து எழுப்பலாம். 'இன்ஸ்டோல்' என்பதைத் தொடாமல் 'ட்ரை' என்பதையே தெரிவு செய்ய வேண்டும். தவறான தெரிவு ஒன்று போதும், மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. விண்டோஸ் சரியாக மூடப்படாத டிஸ்க்கை லினக்ஸ் வாசிக்க மட்டும்தான் விடும், சில நேரம் திறக்கவே மறுக்கும். வற்புறுத்தித் திறக்கும் கட்டளைகளைத் தேடி ஓடாமல், 'வாசிக்க மட்டும்' என்று சொல்லித் திறக்கச் செய்யுங்கள். தரவு எடுக்கிறவருக்கு எழுதும் உரிமை எதற்கு?

மூன்றாவது, டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் யூஎஸ்பி வழியாகப் பூட்டுவது. லப்டொப்பின் 2.5 அங்குல டிஸ்க்குக்கு யூஎஸ்பியின் 5 வோல்ட் போதும். மேசைக் கணினியின் 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் அடப்டரோடு வரும் இணைப்பி வேண்டும். சூயிங்கம் பட்டை போன்ற எம்.2 எஸ்எஸ்டி என்றால் அதன் இணைப்பு வகை என்விஎம்இயா, சாட்டாவா என்று லேபலைப் பார்த்துத்தான் பெட்டி வாங்க வேண்டும். இரண்டும் தோற்றத்தில் அண்ணன் தம்பி, ஒன்றின் பெட்டியில் மற்றது வேலை செய்யாது. பழைய யூஎஸ்பி 2 வழியாக 500 ஜிபி எடுக்க நான்கு மணித்தியாலம் பிடிக்கும்.

பூட்டியதும் விண்டோஸ் சில நேரம் தானாகவே ஒரு பெட்டியைக் காட்டும்: 'இந்த டிஸ்க்கைப் பாவிக்க முன்னர் போர்மட் செய்ய வேண்டும்.' 'கான்சல்' அமத்துங்கள். கோப்பு அட்டவணை வாசிக்க முடியவில்லை என்பதைத்தான் விண்டோஸ் அப்படிச் சொல்கிறது. அடுத்தது, பழைய பயனர் கோப்புறையைத் திறக்கும்போது 'அனுமதி இல்லை, தொடரவா?' என்று கேட்கும். நல்ல டிஸ்க்கில் தொடரலாம். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் தொடர்ந்தால் ஒவ்வொரு கோப்பின் உரிமைப் பதிவையும் விண்டோஸ் மாற்றி எழுதத் தொடங்கும், அந்த எழுத்தே கடைசி எழுத்தாகவும் ஆகலாம். லினக்ஸ் இந்த உரிமைகளைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

டிஸ்க் சாகக் கிடக்கிறதா என்று எப்படித் தெரியும்? கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். 05 என்பது ஏற்கெனவே கெட்டு மாற்றீடு செய்யப்பட்ட இடங்கள், சி5 வாசிக்க முடியாமல் காத்திருக்கும் இடங்கள், சி6 திருத்த முடியாமல் போன இடங்கள். சி5 நாளுக்கு நாள் ஏறினால் உடனே தரவை வெளியே எடுக்க வேண்டும். சி7 மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிள்தான் பிழை. கெட்ட டிஸ்க்கில் 'செக் டிஸ்க்' ஓட்டுவது இங்கே ஒரு பொதுப்பழக்கம். அது தரவைக் காப்பாற்றும் கருவி இல்லை. கோப்பு முறையை ஒழுங்காக்குவதுதான் அதன் வேலை. ஒழுங்குக்குப் பொருந்தாததை வெட்டி எறியும், கெட்ட இடங்களில் தலையைத் திரும்பத் திரும்ப முட்டவைக்கும்.

இத்தகைய டிஸ்க்குக்கு உரியது டிடி ரெஸ்கியூ என்ற லினக்ஸ் மென்பொருள். முதலில் நல்ல இடங்களை எல்லாம் வேகமாகக் கொப்பி எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எது முடிந்தது, எது மிச்சம் என்று வரைபடக் கோப்பு ஒன்றில் குறித்துக்கொள்ளும், அதனால் இடையில் மின்வெட்டு வந்தாலும் விட்ட இடத்தில் தொடரலாம். கொப்பி போகும் டிஸ்க் மூல டிஸ்க்குக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும். கட்டளையில் மூலத்தையும் இலக்கையும் மாற்றி எழுதினால் வெறும் டிஸ்க்கைக் கொண்டு உங்கள் தரவை மூடிவிடுவீர்கள். ஆகவே டிஸ்க்கின் தொடர் இலக்கத்தைக் கடதாசியில் எழுதிவைத்து ஒப்பிட்ட பிறகே என்டர் தட்ட வேண்டும். வாசிக்கும் வேகம் செக்கனுக்கு 1 எம்பி என்றால் 500 ஜிபிக்கு ஏறத்தாழ ஆறு நாள். 'நாளைக்குத் தாறீங்களோ' என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு 'ஏலாது' என்று சொல்லும் கடைக்காரரிடம் கோபிக்க ஒன்றும் இல்லை. மீட்பு மென்பொருள்களை எல்லாம் இந்தக் கொப்பியில்தான் ஓட்ட வேண்டும். டெஸ்ட்டிஸ்க் தொலைந்த பகுதிகளைத் தேடித் தரும், ஃபோட்டோரெக் கோப்புகளைத் தோண்டி எடுக்கும். பின்னது கோப்பின் பெயர்களைத் தராது, ஆயிரம் படங்களை இலக்கங்களோடு குவித்துவிடும்.

'டக், டக்' என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தால் மின்சாரத்தை நிறுத்துங்கள். வாசிப்புத் தலை தட்டில் இருந்து சில நனோமீற்றர் உயரத்தில் பறக்கிறது. தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 80,000 நனோமீற்றர். வீட்டு மேசையில் மூடியைத் திறந்து பார்ப்பவர் உள்ளே விடுவது தூசு இல்லை, அந்தத் தலைக்குப் பாறாங்கல். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து எடுக்கும் பழைய வைத்தியமும் கொழும்பின் ஈரப்பதனில் தட்டின்மேல் பனித்துளி படியவைப்பதோடு முடியும். 2016 மே களனி கங்கை வெள்ளத்தில் வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் நடந்தது போல டிஸ்க் நீரில் மூழ்கியிருந்தால் ஓன் செய்து பார்க்கவே கூடாது. சாதாரண ஹாட் டிஸ்க்கில் 'மூடாதீர்கள்' என்று எழுதிய ஒரு மூச்சுத்துளை உண்டு, சேற்றுநீர் அதன் வழியாக உள்ளே போயிருக்கும். வெயிலில் காயவைத்தால் சேறு தட்டில் ஒட்டி இறுகும். ஈரத்தோடே பொலித்தீன் பையில் கட்டி, ஆய்வுகூட வசதி உள்ளவரிடம் கொடுப்பதே வழி.

இனி, போர்மட் அடித்த பிறகும் எடுக்கலாம் என்று சொல்லும் ஆறுதல். பழைய ஹாட் டிஸ்க்கில் 'குவிக் போர்மட்' அட்டவணையைத்தான் துடைக்கும், மேலே புதிதாக எழுதாத இடங்களில் தரவு கிடக்கும். விஸ்டா காலம் முதல் முழு போர்மட் என்றால் எல்லா இடத்திலும் பூச்சியம் எழுதப்படும். எஸ்எஸ்டியில் குவிக் போர்மட்டே போதும்: 'இந்த இடங்கள் இனித் தேவையில்லை' என்ற ட்ரிம் கட்டளையை விண்டோஸ் அனுப்பும், எஸ்எஸ்டி தன்பாட்டில் துடைத்துவிடும். ஆகவே பத்து வருடத்துக்கு முன்னர் 'அடிச்சிட்டுப் பிறகு எடுக்கலாம்' என்று சொன்னவர் ஓரளவு சரி. இன்று அதையே சொல்பவரிடம் கணினியைக் கொடுக்காதீர்கள்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்து, பலர் 11க்கு மாறியிருப்பதால் இன்னொரு பூட்டும் சேர்ந்திருக்கிறது. மைக்ரோசொப்ட் கணக்கோடு தொடங்கிய பல லப்டொப்புகளில் டிஸ்க் தானாகவே பிட்லொக்கர் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். மதர்போட் செத்தால், டிஸ்க்கைக் கழற்றி எங்கே பூட்டினாலும் 48 இலக்க மீட்புத் திறப்பு கேட்கும். ஆறாறாக எட்டுத் தொகுதி. அது உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் சாதனங்கள் பகுதியில் இருக்கும். லப்டொப் வாங்கிய அன்று கடைக்காரத் தம்பி தன் போனில் திறந்து தந்த மின்னஞ்சல் எது, கடவுச்சொல் எது என்று தெரியாவிட்டால் தரவும் இல்லை. எந்த ஆய்வுகூடமும் இதை உடைக்காது. இன்றே அந்தத் திறப்பைக் கடதாசியில் எழுதி, காணி உறுதியோடு வையுங்கள். 2018க்குப் பிந்திய பல அப்பிள் கணினிகளில் சேமிப்புச் சிப் மதர்போட்டோடே ஒட்டப்பட்டுக் குறியாக்கமும் செய்யப்பட்டிருக்கும், அங்கே மதர்போட்டைத் திருத்துவதுதான் தரவுக்கு வழி.

கொப்பி எடுக்கும்போது விடுபடுகிறவை சில. டெஸ்க்டொப்பும் டொகியுமென்ட்ஸும் எடுத்ததோடு கடை வேலையை முடித்துவிடும். குவிக்புக்ஸ் கணக்குக் கோப்பு பெரும்பாலும் பொதுப் பயனரின் டொகியுமென்ட்ஸுக்குள் இருக்கும். அவுட்லுக் கடிதங்கள் மறைந்த கோப்புறையில் இருக்கலாம். குரோமில் சேமித்த கடவுச்சொற்கள் பழைய விண்டோஸ் கணக்கோடு பூட்டப்பட்டவை, கோப்புறையைக் கொப்பி எடுப்பதால் மட்டும் வராது. தமிழருக்கே உரிய ஒன்றும் உண்டு. பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய பழைய ஆவணங்களைப் புதிய கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தெரியும். 'ஃபைல் பழுதாகிவிட்டது' என்று அழித்துவிடுகிறார்கள். பழுதில்லை, எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். பழைய விண்டோஸின் ஃபொன்ட்ஸ் கோப்புறையில் இருந்து பாமினியையும் கூடவே எடுத்துப் புதியதில் நிறுவினால் கோயில் மலரும் பாடசாலை வினாத்தாளும் எழுந்து வரும்.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். கணினியைப் பொறுப்பேற்கும் பற்றுச்சீட்டில் இரண்டு கட்டங்களை அச்சிடுங்கள்: 'தரவு வேண்டும்', 'தரவு வேண்டாம்'. வாடிக்கையாளர் தன் கையால் அடையாளமிட்டுக் கையொப்பம் வைத்த பிறகே போர்மட் என்ற பேச்சு. மாற்றிய பழைய டிஸ்க்கைத் திருப்பிக் கொடுங்கள், கடையில் எடுத்த கொப்பியை எத்தனை நாளில் அழிப்பீர்கள் என்றும் எழுதுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிய நாட்டில் இது பெரிய கோரிக்கை இல்லை.

அந்தக் கட்டங்கள் அச்சாகும்வரை வாசகர்கள் ஒரு பிளாஸ்டர் துண்டில் 'போர்மட் அடிக்க வேண்டாம், தரவு வேண்டும்' என்று எழுதிக் கணினியின் மூடியில் ஒட்டிக் கொடுக்கலாம். வாங்கிவைப்பவர் ஒருவர், பின்னறையில் திருத்துபவர் இன்னொருவர் என்பதால் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சேர்த்தே எழுதுங்கள்.

இப்படிக்கு,
கணினி திருத்துநர்கள் சிலர்
கொழும்பு 6